அண்ணி தேர்ந்தெடுத்த எண்ணெய்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

மூட்டுகளைத் தவிர என்னிடம் மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உன் முதுகுவலி, உன் மனைவியின் இரத்த அழுத்தம் இரண்டைப் பற்றியும் விவரமாக எழுது. "இருக்கோம்" என்று ஒரு சொல்லில் முடிக்காதே.

உன் அண்ணன் போய் ஏழு மாதம் ஆகிறது. லாரி உன் பெயருக்கு மாறிவிட்டது. இனி அதைப் பற்றி நான் வாய் திறக்கலாம் என்று நினைக்கிறேன். பஸ் பணிமனையில் எண்ணெய் சோதிக்கும் மேசையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவள் நான். என் கையெழுத்து இல்லாமல் இருநூறு பஸ்களில் ஒன்றுகூட எண்ணெய் மாற்றிக்கொண்டதில்லை. ஆனால் என் வீட்டு வாசலில் நின்ற ஒரே ஒரு லாரிக்கு என்ன எண்ணெய் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை. விருந்தாளிகள் முன்னாலேயே உன் அண்ணன் சொல்வார்: "அவ பஸ்காரி. என் லாரியப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?" எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரித்திருக்கிறாய்.

சிரித்தது போதும். அவர் ஊற்றிவந்தது நாற்பதாம் நம்பர் வெறும் எண்ணெய். அது எதையும் கழுவாது. அழுக்கை அப்படியே அடியில் படியவிடும். அதை முழுவதும் வடித்துவிடு. முப்பதாம் நம்பரில், அழுக்கைக் கரைத்துத் தன்னோடு சுமந்து வரும் எண்ணெய் இருக்கிறது. பணிமனையில் நாங்கள் ஊற்றியது அதைத்தான். அதை ஊற்று. எஞ்சினுக்குள் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும் கேமும் டேப்பட்டும் தேயாமல் இருக்கத் துத்தநாகம் கலந்த மருந்து சின்ன டின்னில் வரும். ஒரு முறைக்கு ஒரு டின் சேர். அதற்கு மேல் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

இத்துடன் மையொற்றுத் தாளைச் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை, எஞ்சின் சூடாக இருக்கும்போது அளவுக்குச்சியை எடுத்து, ஒரே ஒரு சொட்டு இதில் விடு. ஒரு நாள் காயவிட்டு எனக்கு அனுப்பு. சொட்டு பரவியிருக்கும் விதத்தைப் பார்த்தே எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

அக்கறையுடன்,
அண்ணி


ஜனவரி 21

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கண்டோம். மூட்டுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? என் முதுகு பரவாயில்லை. இவளுக்கு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள்.

நீங்கள் சொன்ன எண்ணெயை விசாரிக்க உதிரிபாகக் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரரை எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுகிறோம். எந்த வண்டி வந்தாலும் ஒரு டின் மருந்து எழுதிக் கொடுத்துவிடுவார்.

"சத்தம் இருக்கா?" என்று கேட்டார்.

"வயசான வண்டி, இருக்காதா?"

"அப்போ இந்தக் கெட்டி மருந்தை ஒரு டின் ஊத்து. ஆயில் மீட்டர் முள்ளு ஏறும், சத்தம் அடங்கும், எஞ்சின் குழந்தை மாதிரி தூங்கும்."

"அது தூங்கினா ஐஸ் பாக்டரி லோடை யாருங்க இழுக்கிறது?"

சிரித்துவிட்டு நீங்கள் சொன்னதையே எடுத்துக் கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் ஊற்றவில்லை. மெக்கானிக் ஒன்று சொல்கிறார். இத்தனை வருடம் வெறும் எண்ணெய் ஓடிய எஞ்சின். அடியில் எண்ணெய் நிற்கும் சேம்பரைக் கழற்றி, உள்ளே இருக்கும் சல்லடையையும் கழுவிவிட்டுத்தான் இந்த எண்ணெயை ஊற்ற வேண்டுமாம். நான்கு நாள் வண்டி நிற்கும். ஐஸ் பாக்டரியில் கேட்டால் நான்கு நாள் விடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அண்ணனும், "வயசான எஞ்சின உலுக்காதடா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கழுவிவிட்டு ஊற்றட்டுமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

வணக்கத்துடன்,
தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். ஒத்தடம் கொடுக்கிறேன். உன் மனைவியின் புது மாத்திரையின் பெயரை எழுது. அண்ணன் பேசியதை எனக்கு எழுத வேண்டாம். நாற்பத்தைந்து வருடம் நேரிலேயே கேட்டவள் நான்.

நான்கு நாள் லாரியை நிறுத்திவைக்க எந்தக் காரணமும் இல்லை. உன் மெக்கானிக்குக்குக் கழற்றுவதில்தான் பிழைப்பு, கழற்றத்தான் சொல்வார். பணிமனையில் உன் லாரியைவிட அழுக்கான எஞ்சின்களுக்கு இதே எண்ணெயை ஊற்றி, எதையும் கழற்றாமல், மூன்றே மாதத்தில் சுத்தமாக்கியிருக்கிறேன். எண்ணெயே கழுவும். அதற்காகத்தான் அந்த எண்ணெய். மெக்கானிக் மறுபடி கேட்டால், "எங்க அண்ணி சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிடு.

அந்த டாக்டரின் கெட்டி மருந்தை மட்டும் கிட்டே சேர்க்காதே. அது மருந்து அல்ல, வலியில் கத்துகிறவன் வாயில் துணியை அடைப்பது.

இந்த வாரமே ஊற்று.

அண்ணி


பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் உடல்நலம் எப்படி? இவள் மாத்திரையின் பெயர் எனக்கு எழுத வரவில்லை, அட்டையைக் கிழித்து உள்ளே வைத்திருக்கிறேன்.

பத்தாம் தேதி எண்ணெய் மாற்றினேன். கழற்றவில்லை. முதல் வாரம் வண்டி கிண்ணென்று இழுத்தது. டேப்பட் சத்தம் பாதியாகக் குறைந்தது. நீங்கள் சொன்னது சரிதான் என்று மெக்கானிக்கிடம் போய்ச் சொல்லிவிட்டே வந்தேன். இப்போது எண்ணெய் கறுத்துவிட்டது. தாளில் விட்ட சொட்டை அனுப்புகிறேன். நடுவில் மணல் போல ஏதோ இருக்கிறது, விரலில் நெருடுகிறது.

இன்னொன்று. முன்பு, எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் ஆயில் மீட்டர் முள் நாற்பதில் நிற்கும். இப்போது முப்பது. பாக்டரி மேட்டில் ஏறும்போது இருபதுக்கும் கீழே போகிறது. கொஞ்சம் நிறுத்தி, திறந்து பார்க்கட்டுமா?

வணக்கத்துடன்,
தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் தாள் நேற்று வந்தது. பார்த்ததும் மூட்டுவலியே மறந்துபோயிற்று.

நடுவில் நெருடுவது என்ன தெரியுமா? உன் அண்ணன் முப்பது வருடமாகப் படியவிட்ட கசடு. அது கிளம்பி வெளியே வருகிறது. இதைத்தான் அவரிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனது. "சோப்பு எண்ணெயக் கொண்டுபோய் உன் பஸ்ஸைக் குளிப்பாட்டு" என்பார். இந்தத் தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்ட முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. செத்துப்போயும் தப்பித்துக்கொண்டார்.

முள் இறங்கியதற்குக் காரணம், நாற்பதாம் நம்பரைவிட முப்பதாம் நம்பர் இளகலானது. இதைக்கூடவா நான் எழுத வேண்டும்? திறக்காதே, நிறுத்தாதே. ஓட்டு. பாதியில் நிறுத்தினால் கிளம்பிய கசடு மறுபடி படியும்.

மாத்திரை சரியானதுதான். இரவில் உப்பைக் குறைக்கச் சொல்.

அண்ணி


ஏப்ரல் 22

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதச் சொட்டும் உள்ளே இருக்கின்றன. வண்டி நன்றாக இருக்கிறது. வேலை இருக்கிறது.

தம்பி


மே 1

அன்புள்ள தம்பிக்கு,

இது கடிதமா, தந்தியா? இரண்டு மாதம் காக்கவைத்துவிட்டு நான்கு வரி. முதுகு எப்படி என்று கேட்டால் "நலம்" என்கிறாய். முதுகைக் கேட்டேன், உன்னை அல்ல.

ஆனால் தாள்கள் அருமை. நெருடல் போய்விட்டது, கறுப்பு விளிம்புவரை ஒரே சீராகப் பரவியிருக்கிறது. இனி கவலையில்லை. அடுத்த மாதம் ஓய்வூதியர் சங்கக் கூட்டம். என் பழைய பணிமனை ஆட்கள் எல்லோரும் வருவார்கள். மே மாதத் தாளும் வரட்டும், மூன்றையும் அட்டையில் ஒட்டி எடுத்துப் போகப்போகிறேன்.

அண்ணி


மே 25

அண்ணிக்கு,

மே மாதத் தாள் உள்ளே இருக்கிறது. இவளுக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. கூட்டத்துக்கு எடுத்துப் போக வேண்டாமே. வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும்.

தம்பி


ஜூன் 4

தம்பிக்கு,

உடல்நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நேற்றுக் கூட்டத்துக்கு அந்த மூன்று தாள்களையும் எடுத்துப் போனேன். நாற்பது பேர். உன் அண்ணனின் லாரியைப் பற்றிப் பேசினேன். பெட்ரோல் எஞ்சின், முப்பது வருடக் கசடு, மூன்றே மாதத்தில் சுத்தம் என்றேன். கை தட்டினார்கள். ஃபில்டர் பிரிவில் இருந்த ஒருவர், என்னிடம் வேலை கற்றவர், அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு என் காதோரம் வந்து கேட்டார்:

"மேடம், பெட்ரோல் லாரினு சொன்னீங்க. இது டீசல் கரி ஆச்சே?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து மேசைவிளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். மூன்றும் டீசல். பெட்ரோல் எஞ்சினின் எண்ணெய் பழுப்பாகக் காயும். இப்படி மை கொட்டினதுபோலக் காயாது. முப்பத்தொரு வருடம் பார்த்தவளுக்கு இது தெரியாது என்று நினைத்தாயா? எவன் எஞ்சினில் தோய்த்து எடுத்தாய்? சோதனைத் தாளை மாற்றி வைத்ததற்காக இரண்டு பேருக்கு வேலை போகும்படி எழுதினவள் நான். என் கொழுந்தன், நான் கையால் சோறு போட்டு வளர்த்தவன், எனக்கே அதைச் செய்திருக்கிறான்.

லாரியை விற்றுவிட்டாயா? மறுபடி அந்த வெறும் எண்ணெயையே ஊற்றிக்கொண்டு என்னை ஏமாற்றுகிறாயா? உண்மையை மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

அண்ணி


ஜூன் 19

அக்காவுக்கு,

உங்கள் கொழுந்தன் எழுதவில்லை, அவர் மனைவி நான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். எனக்கு இரத்த அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை, இதை எழுதாமல் விடமாட்டேன்.

லாரியை விற்கவில்லை. மார்ச் பத்தொன்பதாம் தேதியே அது நின்றுவிட்டது. முப்பத்தாறு ஐஸ் பாளங்களோடு பாக்டரி மேட்டில் ஏறும்போது முள் சைபருக்கு விழுந்தது. உள்ளே ஏதோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் இறுகிவிட்டது. வேறு வண்டி வருவதற்குள் பாளங்கள் பாதிக்கு மேல் கரைந்து, மேட்டிலிருந்து தண்ணீர் ஓடையாக இறங்கியதாம். மேனேஜர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சுமை ஏற்றுகிற ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்: "எண்ணெய் பாக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்குய்யா ஸ்டியரிங்?" இவர் தலை குனிந்து நின்றார். "எண்ணெய அண்ணி சொன்னாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'டிரைவர் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போட்டுவிட்டு வந்தார்.

சேம்பரைத் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன், அக்கா. அடியில் விரல் கனத்துக்குத் தார் மாதிரி கசடு. உங்கள் எண்ணெய் அதைப் பெயர்த்துக் கொண்டுபோய்ச் சல்லடையை முழுக்க அடைத்துவிட்டது. அதற்கு மேல் எண்ணெய் ஏறவில்லை, பேரிங் உருகிவிட்டது. மெக்கானிக் எங்களைத் திட்டவில்லை. இவ்வளவுதான் சொன்னார்: "பஸ்ல பெரிய காகித ஃபில்டர் இருக்கும்மா, வர்ற அழுக்க அது பிடிச்சுக்கும். இதுல வெறும் சல்லடைதான். அதான் மொதல்ல கழுவணும்னேன்." இவர் உங்களை இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் வேண்டாம் என்றீர்கள்.

தாளில் இருந்த சொட்டு, பக்கத்துத் தெரு மாவு மில் டீசல் எஞ்சினுடையது. "ஏன் இந்தப் பொய்?" என்று நான் சண்டை போட்டேன். "அண்ணிக்கு இப்போ மிஞ்சியிருக்கிறது அந்த எண்ணெய் வேலை ஒண்ணுதான். அதையும் நான் பிடுங்கணுமா?" என்றார். இந்த முதுகை வைத்துக்கொண்டு, அதே பாக்டரியில், வேறு ஒருத்தன் லாரிக்கு ஐஸ் சுமக்கிறார். நீங்கள் அவரை ஏமாற்றுக்காரன் என்று எழுதுகிறீர்கள்.

உங்கள் ஓரகத்தி


ஜூலை 30

அண்ணிக்கு,

ஆறு வாரம் ஆகிறது, உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து, உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். காலையில் மார்க்கெட்டில் எடை சரியில்லை என்று சண்டை போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். நல்லது.

இவள் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அவள் எழுதியது அத்தனையும் உண்மை. பொய்த் தாள் அனுப்பியது என் தப்பு, அதற்கு மட்டும் மன்னியுங்கள். மீதிக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

முப்பது வருடம் நீங்கள் இருவரும் அந்த லாரியை நடுவில் வைத்துச் சண்டை போட்டீர்கள். அவர் சரியா, நீங்கள் சரியா என்பதுதான் உங்களுக்கு வேண்டியிருந்தது. திறந்து பார்த்த பிறகு எனக்குத் தெரிகிறது. அண்ணன் பயந்தார். திறந்தால் நீங்கள் சொன்னது உண்மையாகிவிடும் என்று, கடைசிவரை திறக்கவே இல்லை. நீங்களும் திறக்க விடவில்லை. திறந்தால் மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த எஞ்சினைக் கொன்றீர்கள். மேட்டில் நின்றவன் நான். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, அண்ணி. "நீ என்னடா நினைக்கிறே?" என்று அண்ணனும் கேட்டதில்லை, நீங்களும் கேட்டதில்லை.

மெக்கானிக்கும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றினோம், கழுவினோம், புது பேரிங் போட்டோம். போன ஞாயிறு எஞ்சின் ஓடியது. அதில் இப்போது என்ன எண்ணெய் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். அண்ணனுடையதா, உங்களுடையதா என்று கேட்காதீர்கள். நான் யோசித்து, நான் வாங்கி, நான் ஊற்றியது. தாள் அனுப்ப வேண்டாம்.

வண்டி தயார். லோடுதான் இல்லை. கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டி, "கவனக்குறைவுன்னு நீயே ஒத்துக்கிட்டியே" என்கிறார் மேனேஜர். அதனால் இன்னும் சுமக்கிறேன். நீங்கள் முதுகைக் கேட்டிருந்தீர்கள். வலிக்கிறது.

தம்பி


ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆறு வாரம் எழுதாமல் இருந்தது கோபத்தில். யார்மேல் என்று தெரிய அவ்வளவு நாள் பிடித்தது.

நீ பிப்ரவரியில் அனுப்பிய தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். அது மட்டும்தான் உண்மையான தாள். நடுவில் நெருடல், முள் இருபதுக்குக் கீழே என்று நீ எழுதியிருக்கிறாய். பணிமனையில் ஒரு பயிற்சிப் பெண் இதைப் பார்த்துவிட்டு "ஓட்டுங்கள்" என்று எழுதியிருந்தால், அன்று மாலையே அவளை மேசையைவிட்டு எழுப்பியிருப்பேன். நான் எஞ்சினைப் பார்க்கவில்லை. உன் அண்ணன் தோற்றதைப் பார்த்தேன். தவறு என்னுடையது. இந்த வரியை நான் இதற்கு முன் யாருக்கும் எழுதியதில்லை; நன்றாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நீ செய்ததையும் நான் விடப்போவதில்லை. என்மேல் இரக்கப்பட உனக்கு யார் அனுமதி கொடுத்தது? மார்ச் மாதமே "உங்க எண்ணெயால எஞ்சின் போச்சு" என்று என் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். நான் கத்தியிருப்பேன், நீயும் கத்தியிருப்பாய், அதோடு போயிருக்கும். அதற்குப் பதில் மூன்று மாதம் என்னை ஒரு நோயாளியைப்போல நடத்தியிருக்கிறாய். உன் மனைவி அப்படிச் செய்யவில்லை. அவளிடம் சொல், அவள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இனி எனக்கு அவளே எழுதட்டும்.

என்ன எண்ணெய் என்று கேட்க மாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாதே.

உன் பாக்டரி மேனேஜருக்கு நான் அனுப்பியிருக்கும் கடிதத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் அனுப்பினேன். அதற்காகவும் என்மேல் கோபித்துக்கொள். இந்த முறை எழுதிக் காட்டு.

அண்ணி


ஆகஸ்ட் 11

ஐஸ் பாக்டரி மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நாம் சந்தித்ததில்லை. நான் பஸ் பணிமனை ஒன்றில் எண்ணெய்ச் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, தலைமைச் சோதனையாளராக ஓய்வு பெற்றவள்.

மார்ச் 19 அன்று உங்கள் பாளங்களோடு மேட்டில் நின்றுபோன லாரியின் ஓட்டுநர் என் கணவரின் தம்பி. எண்ணெய் பார்க்கத் தெரியாதவர் என்று நீங்கள் அவரைப் பத்துப் பேர் முன்னால் சொன்னதாக அறிந்தேன். அவர் எண்ணெயைப் பார்த்தார். தாளில் சொட்டு எடுத்துப் பார்த்தார். முள் இறங்குவதைக் குறித்துவைத்தார். எஞ்சினைத் திறந்து கழுவ வேண்டும் என்று இரண்டு முறை எழுத்தில் கேட்டார். இரண்டு முறையும் மறுத்து, திறக்காமல் ஓட்டும்படி எழுதியவள் நான். அந்த எண்ணெயைத் தேர்ந்தெடுத்தவளும் நான். அவர் ஜனவரி 21, பிப்ரவரி 27 ஆகிய தேதிகளில் எழுதிய கடிதங்களையும், பணிமனைப் பழக்கத்தில் நான் எடுத்துவைத்திருந்த என் பதில்களின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். என் பதில்களைப் படிக்கும்போது யாருடைய கவனக்குறைவு என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்காது.

அவர் கையெழுத்திட்ட தாளில் 'டிரைவர்' என்ற சொல்லை அடித்து, அந்த இடத்தில் என் பதவியை எழுதிக்கொள்ளுங்கள். சாட்சிக்கு இக்கடிதத்தைக் கோப்பில் வையுங்கள். பத்துப் பேர் முன்னால் சொன்னதைப் பத்துப் பேர் முன்னால்தான் திரும்பப் பெற வேண்டும் என்பது என் கருத்து. பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம், அவரிடம் நேரில் சொல்லுங்கள். அப்போது அவர் முதுகில் ஐஸ் இருந்தால், முதலில் அதை இறக்கிவைக்கச் சொல்லுங்கள்.

லாரி இப்போது முழுவதும் பழுது பார்க்கப்பட்டுத் தயாராக இருக்கிறது. அதில் என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தலைமைச் சோதனையாளர் (ஓய்வு)